கன்சாய் தீவில் தங்கிப்போன பெட்டி

எதிர்த்தரப்பு விமான நிறுவனம் தாக்கல் செய்த பதிலுரை நீளமானதுதான். பிழிந்து பார்த்தால் மிஞ்சியது ஒரே வாக்கியம்: புயல் வந்தது, விமான நிலையம் மூடப்பட்டது, ஆகவே எங்களுக்குப் பொறுப்பு இல்லை. நுகர்வோர் மன்றங்களில் விமான வழக்கு நடத்தும் எவரும் இந்த வாக்கியத்தைச் சந்தித்திருப்பார்கள். பல வழக்குகள் அந்த இடத்திலேயே படுத்துவிடும். புயலை எதிர்த்து யார் வாதாடுவது? இந்த வழக்கில் நாங்கள் புயலோடு சண்டைக்குப் போகவில்லை. புயல் வந்ததையும் விமான நிலையம் மூடப்பட்டதையும் முதல் வாய்தாவிலேயே ஒப்புக்கொண்டோம். மிச்சமிருந்ததைப் பற்றித்தான் வழக்கு நடந்தது.

என் கட்சிக்காரர் தாம்பரம் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். மகள் ஜப்பானில் கோபே நகரில் இருக்கிறார். அவருடைய பிரசவத்துக்காக 2018 ஜூனில் இருவரும் போனார்கள். தொண்ணூறு நாள் விசா, செப்டம்பர் 9-ஆம் தேதியோடு முடிகிறது. திரும்பும் டிக்கெட் செப்டம்பர் 4, பகல் 12.30 மணி விமானம். கன்சாய் பன்னாட்டு விமான நிலையத்தில் ஏறி, நடுவே ஓர் ஊரில் மாறிச் சென்னை வரவேண்டும்.

கன்சாய் என்பது ஒசாகா, கோபே, கியோட்டோ மூன்றும் சேர்ந்த பெருநகர்ப் பகுதியின் விமான நிலையம். தரையில் இல்லை. ஒசாகா வளைகுடாவில் கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தள்ளி, கடலில் மண்ணும் பாறையும் கொட்டி உருவாக்கிய தீவில் இருக்கிறது. 1987-இல் வேலை தொடங்கி, 1994 செப்டம்பர் 4-ஆம் தேதி திறந்தார்கள். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த முனையம் 1.7 கிலோமீட்டர் நீளம். கடலடிக் களிமண் அமுங்கிக்கொண்டே இருப்பதால் தீவும் தாழ்ந்துகொண்டே வருகிறது. திறந்த நாளிலிருந்து பார்த்தாலே 3 மீட்டருக்கு மேல். கட்டடம் கோணாமல் இருக்க, அதன் தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சரிசெய்யும்படி அமைத்திருக்கிறார்கள். கரைக்குப் போக ஒரே பாலம். மேலே சாலை, கீழே ரயில்.

அந்தத் தீவின் இருபத்துநான்காவது பிறந்தநாளன்றுதான் ஜெபி புயல் வந்தது. 1993-க்குப் பிறகு அவ்வளவு வலுவான புயல் ஜப்பானில் கரையேறியதில்லை. விமான நிலையத்தில் பதிவான காற்றின் உச்ச வேகம் நொடிக்கு 58.1 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஒசாகாவில் கடல்மட்டம் 3.29 மீட்டருக்கு எழும்பி, 1961 புயலின் பதிவைத் தாண்டியது. தடுப்புச் சுவருக்கு மேலாக வந்த நீர் முதல் ஓடுபாதையையும் விமானங்கள் நிற்கும் தளத்தையும் மூடியது. முனையத்தின் அடித்தளத்தில் மின் கருவிகள் இருந்த அறைகளுக்குள்ளும் இறங்கியது. அதே பிற்பகலில் நங்கூரம் நிலைகொள்ளாத எண்ணெய்க் கப்பல் ஒன்று காற்றில் இழுபட்டு வந்து பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானவர்கள் இரவு முழுக்கத் தீவிலேயே இருந்தார்கள். அவர்களில் இருவர் என் கட்சிக்காரரும் அவர் கணவரும்.

"கண்ணாடிக்கு வெளிய பாத்தா ஓடுபாதையே இல்ல தம்பி. கடல்தான் இருந்துச்சு. பொட்டி ஏத்துற வண்டிங்க வரிசையா தண்ணியில நிக்குது. அதுல எது எங்க பொட்டின்னு இவர் தேடிக்கிட்டே நிக்கிறார்."

டீச்சர் இதை என் அலுவலகத்தில் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெட்டி எப்போது கைமாறியது என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். அதில் போர்டிங் பாஸ் இருந்தது. அதன் பின்புறம் ஒட்டியிருந்த லக்கேஜ் துண்டுச்சீட்டில் 4-ஆம் தேதி காலை 9.50 என்று இருந்தது. பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் காகிதத்தைத் தொலைப்பதில்லை. அந்தச் சீட்டு ஏ-3 என்று குறியீடானது. வழக்கு அதன்மேல்தான் நின்றது.

காலை 9.50-க்குப் பெட்டியை வாங்கிக்கொண்ட கவுண்டர், பதினொரு மணிக்கு விமானம் ரத்து என்று அறிவித்தது. புயல் எங்கே, எத்தனை மணிக்கு வரும் என்று ஜப்பானிய வானிலை நிறுவனம் முந்தின நாளே எச்சரித்திருந்தது. பல நிறுவனங்கள் முதல் நாளே விமானங்களை ரத்து செய்திருந்தன. ரத்து என்றதும் மகள் தொலைபேசியில் உடனே கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார். இவர்களோ பெட்டியைத் திரும்பக் கேட்டு வரிசையில் நின்றார்கள். பெட்டி உள்ளே போய்விட்டது, இப்போது எடுக்க முடியாது, காத்திருங்கள் என்று பதில். காத்திருந்த நேரத்தில் ரயில் நின்றது, பின்பு பாலமும் மூடப்பட்டது.

அந்த இரவைப் பற்றி டீச்சர் அதிகம் பேசவில்லை. மின்சாரம் போய்க் குளிர்சாதனமும் நின்றுவிட்டது. கடை முன்னால் நீண்ட வரிசை. விமான நிலையத்தார் தண்ணீரும் பிஸ்கட்டும் போர்வையும் கொடுத்தார்கள். இன்சுலின் கைப்பையில் இருந்தது. அதைக் குளிர்ச்சியாக வைக்க, ஈரத்துண்டில் சுற்றி விசிறிக்கொண்டே இருந்தாராம். மறுநாள் காலையிலிருந்து கோபேக்கு அதிவேகப் படகும், பாலத்தின் சேதமாகாத பக்கம் வழியாகக் கரைக்குப் பேருந்தும் விட்டார்கள். இவர்கள் படகில் மகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் நிறுவனம் கைவிட்டது. வேறு டிக்கெட் கேட்டால் கன்சாய் முழுதும் திறந்தபின் என்றார்கள். கொடுத்த தேதி செப்டம்பர் 22. விசா 9-ஆம் தேதி முடிகிறது என்று மகள் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினார். ஒரே மாதிரி மன்னிப்புக் கடிதம் வந்துகொண்டிருந்தது. கடைசியில் 8-ஆம் தேதி நாகோயாவிலிருந்து வேறொரு நிறுவன விமானத்தில், இருவருக்கும் சேர்த்து 1,36,000 ரூபாய் கொடுத்துப் புது டிக்கெட் எடுத்துச் சென்னை வந்தார்கள். பெட்டி அக்டோபர் முதல் வாரம் வந்தது. திறந்தபோது வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவு நாற்றம்.

மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருப்பவர், கோபக்காரர். "விமான நிலையத்தையும் சேர்த்து கேஸ் போடுங்க சார். கடல்ல கட்டினா சுவரை உசத்திக் கட்ட வேண்டாமா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்காக நான் கொஞ்சம் படித்தேன். படித்ததில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தத் தீவு கடலுக்குப் போனதன் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது.

ஒசாகாவின் பழைய விமான நிலையம் இத்தாமி, வீடுகளுக்கு நடுவே இருப்பது. ஜெட் விமானங்கள் வந்ததும் சத்தம் தாங்காமல், கவானிஷி நகரத்துக் குடியிருப்பாளர்கள் 1969-இல் ஜப்பான் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 1975-இல் ஒசாகா உயர் நீதிமன்றம் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை விமானம் கூடாது என்றது. 1981 டிசம்பர் 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தத் தடையை நீக்கியது. சிவில் வழக்கில் அப்படிக் கேட்க முடியாது என்றது. ஆனால் அதுவரை பட்ட துன்பத்துக்கு அரசு இழப்பீடு தரவேண்டும் என்பதை உறுதிசெய்தது. ஓடுபாதையில் விரிசல் இல்லாவிட்டாலும், அதை நடத்தும் விதம் அக்கம்பக்கத்தாருக்குத் தீங்கு செய்தால் அதுவும் பொதுக் கட்டமைப்பின் குறைபாடே என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நம் ஊரில் விமான நிலையத்துக்கோ நெடுஞ்சாலைக்கோ பக்கத்தில் குடியிருப்பவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் தேடிப் படிக்க வேண்டிய தீர்ப்பு. புதிய விமான நிலையத்தை ஊர்ச் சத்தம் எட்டாத கடலில் வைக்க ஜப்பான் முடிவெடுத்ததற்கும், கன்சாய் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவதற்கும் இத்தாமி மக்கள் பட்ட பாடே முக்கியக் காரணம்.

இதையெல்லாம் மகனிடம் சொல்லிவிட்டு, விமான நிலையத்தின் மேல் வழக்கு வேண்டாம் என்றேன். 2016 முதல் அதை நடத்துவது தனியார் கூட்டு நிறுவனம். அவர்களோடு டீச்சருக்கு நேரடி ஒப்பந்தம் கிடையாது. சுவரின் உயரம் போதாது என்று நிரூபிக்க ஜப்பானில், ஜப்பானியப் பொறியாளர்களை வைத்து, ஜப்பானிய நீதிமன்றத்தில் வழக்கு நடத்த வேண்டும். வேறொரு காரணமும் இருந்தது. தண்ணீர் ஏறிய மூன்றாவது நாள், செப்டம்பர் 7-ஆம் தேதியே, முதல் தீவை ஒட்டிப் பின்னர் உருவாக்கிய, நீர் புகாத இரண்டாம் தீவிலிருந்து உள்நாட்டு விமானங்களில் சில பறக்கத் தொடங்கின. 8-ஆம் தேதி பன்னாட்டு விமானங்களில் சில. 14-ஆம் தேதி முதல் முனையத்தின் ஒரு பகுதி, 18-ஆம் தேதி ரயில், 21-ஆம் தேதி முனையம் முழுதும். இவ்வளவு வேகமாக எழுந்து நின்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. மனம் வந்திருந்தாலும் வழக்கு நின்றிருக்காது.

2019-இல் சென்னையில் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் மனு தாக்கல் செய்தோம். டிக்கெட்டை மகள் ஜப்பானிலிருந்து இணையத்தில் எடுத்தார், ஒப்பந்தம் அங்கேதான் ஆனது, சென்னைக்கு அதிகாரம் இல்லை என்று முதலில் ஆட்சேபித்தார்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை, 2009-இல் நம் விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டது. அதன் 33-ஆவது விதிப்படி பயணம் சேரும் இடத்திலும் வழக்குப் போடலாம். போக வர எடுத்த டிக்கெட், சேரும் இடம் சென்னை. அந்த ஆட்சேபணை அதோடு முடிந்தது.

இனி பெட்டி. இந்த இடத்தில்தான் பல வழக்கறிஞர்களும் புயலைக் கண்டு பின்வாங்கிவிடுகிறார்கள். தாமதத்துக்கு ஒரு விதி, ஒப்படைத்த பெட்டிக்கு வேறொரு விதி. தாமதத்தைப் பேசும் 19-ஆவது விதியில் விமான நிறுவனத்துக்கு ஒரு தப்பும் வழி இருக்கிறது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எல்லா நடவடிக்கையும் எடுத்தோம், அல்லது எடுக்கவே இயலாத நிலை என்று அவர்கள் நிரூபித்தால் பொறுப்பு இல்லை. ஒப்படைத்த பெட்டியைப் பேசும் 17-ஆவது விதியின் இரண்டாம் உட்பிரிவில் அந்த வழி இல்லை. பெட்டி அவர்கள் பொறுப்பில் இருந்தபோது சேதமானால், அவர்கள் தரவேண்டும். அலட்சியம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. புயல், சுனாமி, நிலநடுக்கம் எதுவும் அந்த உட்பிரிவில் விலக்காக எழுதப்படவில்லை. பொருளுக்குள்ளேயே இருந்த குறையால் கெட்டிருந்தால் மட்டும் அந்த அளவுக்குப் பொறுப்பு இல்லை. தொகைக்குத்தான் உச்சவரம்பு, அப்போது பயணி ஒருவருக்கு 1,131 எஸ்.டி.ஆர். (பன்னாட்டுக் கணக்கலகு), நம் கணக்கில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்.

எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே அவர் புயலை விட்டுவிட்டு, அந்த விலக்கைப் பிடித்தார். பெட்டியில் ஷாம்பு, எண்ணெய் போன்ற திரவங்கள் இருந்தன, அவை கசிந்துதான் துணி கெட்டது. இல்லையென்றால் சென்னையில் வீட்டுக்குக் கொண்டுவந்த கூரியர்காரர் மழையில் நனைத்திருப்பார் என்றார்.

பெட்டியை மன்றத்துக்கே கொண்டுபோனேன். சான்றுப்பொருள் எம்.ஓ.1 என்று குறியீடானது. மேசைமேல் வைத்துத் திறந்தோம். ஜிப்பின் பற்களுக்கு இடையே வெள்ளையாகப் பூத்திருந்தது. மடிப்பு மடிப்பாக இருந்த காட்டன் சேலையில், காய்ந்த இடத்தில் அலை அலையாக வெள்ளைக் கோடுகள். உள்ளே ஒரு கத்தி. ஒசாகாவுக்குத் தெற்கே சக்காய் என்ற ஊர், சமையல் கத்திக்குப் பேர்போனது. மகள் அங்கே வாங்கிக் கொடுத்த இரும்புக் கத்தி. மரப்பெட்டிக்குள், எண்ணெய்த்தாளில் சுற்றியே வைத்திருந்தார்கள். அலகு முழுவதும் செந்துரு அரித்து, விளிம்பில் குழி குழியாக விழுந்திருந்தது. தலைவர் ஜிப்பின்மேல் விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஷாம்பு பட்டா இப்படிக் கோடு வராதே" என்றார். பதிவேட்டில் ஏறாத வார்த்தை அது.

கூரியர் வாதத்துக்கு ஏ-3 போதுமானதாக இருந்தது. 4-ஆம் தேதி காலை 9.50-க்குப் பெட்டி அவர்கள் கைக்குப் போனது. அன்று பிற்பகல் விமானத் தளம் கடல்நீரில் நின்றது. சென்னை மழையில் உப்பு இல்லை.

புகார் காலதாமதம் என்றும் ஒரு வாதம் வைத்தார்கள். சேதத்துக்கான புகாரை, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 31-ஆவது விதி. டீச்சர் ஐந்தாம் நாளே புகைப்படங்களோடு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த மின்னஞ்சலுக்குச் சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழ் இணைத்திருந்தோம். நிறுவனம் ஏழு நாளைப் புயல் நாளிலிருந்து எண்ணியது. விதி அப்படி எண்ணச் சொல்லவில்லை.

அடுத்தது நாகோயா டிக்கெட். இங்கே 19-ஆவது விதி பொருந்துவதால் வாதம் கடினம். விமானம் ரத்தானது தாமதமே அல்ல, ஒப்பந்தம் நிறைவேறாமை, ஆகவே உடன்படிக்கைக்குள்ளேயே வராது என்றும் ஒரு வாதம் வைத்தார்கள். வராது என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. வரும் என்றால் எல்லா நடவடிக்கையும் எடுத்ததை நீங்கள் நிரூபியுங்கள் என்றேன். கன்சாய் மூடியிருந்தது உண்மை. ஆனால் இதே நிறுவனத்தின் விமானம் அந்த வாரம் நாகோயாவிலிருந்தும் நரிதாவிலிருந்தும் பறந்துகொண்டிருந்தது. அவர்களுடைய கால அட்டவணையையே தாக்கல் செய்தோம். கோபேயிலிருந்து நாகோயா புல்லட் ரயிலில் ஏறினால் தொலைவே இல்லை. விசா முடியும் முதிய தம்பதியை 22-ஆம் தேதி வரை காத்திருக்கச் சொல்வதற்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த விமானங்களில் இடமே இல்லை என்றார்கள். 6-ஆம் தேதி ஹொக்கைடோவில் பெரிய நிலநடுக்கம், அங்குள்ள புதிய சிதோசே விமான நிலையமும் மூடியது, ஜப்பான் முழுக்கப் பயணிகள் குவிந்துவிட்டார்கள் என்றார்கள். நடந்தது அதுதான், நான் மறுக்கவில்லை. இடம் இல்லை என்றால் அந்த வார விமானங்களின் இருக்கைப் பட்டியலைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போட்டேன். வாய்தா வாங்கினார்கள், மறுபடி வாங்கினார்கள். பட்டியல் வரவேயில்லை. கையில் உள்ள ஆவணத்தைத் தராதவருக்கு அது பாதகமாக இருக்கும் என்று அனுமானிக்கலாம் என்றது அப்போது நடப்பிலிருந்த சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவின் (ஜி) விளக்கம். வாதத்தை அங்கே நிறுத்தினேன்.

நான் தோற்ற இடம், பெட்டியைத் திரும்பத் தராமல் வரிசையில் நிற்கவைத்ததால் தீவில் மாட்டிக்கொண்ட அந்த இரவு. அதற்கு இழப்பீடு கேட்டேன். காலையிலேயே விட்டிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பார்கள் என்பது இன்றும் என் எண்ணம். பணத்தில் காட்டக்கூடிய நட்டம் அந்த இரவில் இல்லை, தண்டனைத் தொகை தருவதை உடன்படிக்கையின் 29-ஆவது விதி தடுக்கிறது, ரயில் நின்ற நேரத்துக்கும் வரிசை நகர்ந்த நேரத்துக்கும் ஆதாரம் போதாது என்று அந்தக் கோரிக்கையைத் தள்ளினார்கள். டீச்சருக்குப் பணத்தைவிட அதுதான் வருத்தம். "யாராவது ஒருத்தர் வந்து, இன்னிக்கு ராத்திரி இங்கதான்மா இருக்கணும்னு புரியற மொழியில சொல்லியிருந்தா போதும் தம்பி" என்றார். அன்றிரவு வெளிநாட்டவர்களுக்குத் தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று ஜப்பானிலேயே கடுமையான விமர்சனம் எழுந்தது. அதன் பிறகு விமான நிலையம் தடுப்புச் சுவர்களை உயர்த்தி, மின் கருவிகளை நீரிலிருந்து காக்கும் ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. அந்த இரவின் தனிமைக்கு விலைபோட நம் சட்டத்திலும் உடன்படிக்கையிலும் இடம் குறைவு என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அது மாறவேண்டும்.

கொரோனா நடுவில் வந்து வழக்கை நீட்டியது. புதுச் சட்டம் வந்து மன்றம் ஆணையம் என்று பெயர் மாறியது. 2022-இல் உத்தரவு. நாகோயா டிக்கெட் தொகையில், நிறுவனம் ஏற்கெனவே திருப்பித் தந்தது போக மீதி முழுவதும். பெட்டிக்கும் பொருட்களுக்கும் 62,000 ரூபாய். புகார் தாக்கலான நாளிலிருந்து ஆண்டுக்கு 9 சதவீத வட்டி. வழக்குச் செலவு 10,000 ரூபாய். நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. கெடுவுக்குள் காசோலை வந்தது.

வெளிநாடு போய்வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். லக்கேஜ் துண்டுச்சீட்டைப் பெட்டி வீடு சேர்ந்து திறந்து பார்க்கும்வரை கிழித்துப் போடாதீர்கள். பெட்டி சேதமாகி வந்தால் அன்றே படம் எடுங்கள், ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். பெட்டி தாமதமாக வந்தால் அதற்கு இருபத்தொரு நாள். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு, அதற்குமேல் உரிமையே அற்றுப்போகும். புயல் என்று பதில் வந்தால், அது எதற்கான பதில் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.